பழைய வீட்டைக் காலி செய்ய: ட்யூப்லைட், பாதரச பிபி மெஷின், இன்வர்ட்டர் பேட்டரி, ஃபிரிட்ஜ், காலாவதி மருந்து. எதை எப்படி வெளியேற்றுவது?

மாம்பலம்_மாடி | பதிவு 1

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய தனி வீடு. தை பிறந்ததும் இடிக்கக் கொடுக்கிறார்கள். பாத்திரம், கட்டில், புத்தகம், துணி இதற்கெல்லாம் வழி தெரியும். மீதியில்தான் குழப்பம்.

நாலடி ட்யூப்லைட் 11, பழைய தடித்த ரகம். சிஎஃப்எல் ஏழெட்டு. டாக்டர் வைத்திருப்பது மாதிரியான பாதரச பிபி மெஷின் ஒன்று, தெர்மாமீட்டர் இரண்டு. 150 ஏஎச் இன்வர்ட்டர் பேட்டரி. 1994-ல் வாங்கிய 165 லிட்டர் ஃபிரிட்ஜ், 21 அங்குல பிக்சர் ட்யூப் டிவி. ஒரு பிஸ்கட் டின் நிறைய மாத்திரை, சிரப், சித்த மருந்துப் பொட்டலம், பயன்படுத்திய இன்சுலின் சிரிஞ்சுகள். பரணில் துருப்பிடித்த பூச்சிமருந்து டப்பா இரண்டு, அரை டின் எனாமல் பெயிண்ட், தின்னர். உப்பிப்போன பவர் பேங்க் ஒன்று. பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை.

காயலான்கடைக்காரர் எல்லாவற்றையும் சேர்த்து மொத்தமாக ஒரு விலை சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

கழிவுநீக்கம்_32 | பதிவு 2

மொத்தமாகக் கொடுக்காதீர்கள். காரணம் காசு இல்லை.

உங்கள் பட்டியலில் உள்ள பொருள்கள் முழுசாக இருக்கும்வரை பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. உடைக்கும்போதுதான் விஷம் வெளியே வருகிறது. காயலான்கடையின் தொழிலே உடைத்துப் பிரிப்பது. ட்யூப்லைட்டில் அவருக்கு வேண்டியது சோக்கும் முனையில் இருக்கும் அலுமினியமும். டிவியில் செம்புக் கம்பி. ஃபிரிட்ஜில் கம்ப்ரசர். பேட்டரியில் ஈயம். மீதியெல்லாம் கடை வாசலிலேயே நொறுங்கும். அதை மூச்சில் இழுப்பது அங்கே கூலிக்கு வேலை செய்கிற பையன். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். 2001-ல் அந்த ஆலை மூடப்பட்டது, பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி அதே ஊரின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கடையில் குவிந்து கிடந்தது வெளியே வந்த பிறகுதான். விற்றவருக்கு அது கண்ணாடிக் கழிவு, வாங்கியவருக்குச் சரக்கு.

ஆகவே முதலில் பிரியுங்கள். இரும்பு, பித்தளை, மரம், பேப்பர், பிளாஸ்டிக் வாளி எல்லாம் காயலான்கடைக்குத் தாராளமாகப் போகட்டும். அவர் செய்கிற மறுசுழற்சி வேலைக்கு ஈடே இல்லை. பெயிண்ட் டின், பூச்சிமருந்து டப்பா, சிஎஃப்எல், ட்யூப்லைட், காலாவதி மருந்து, உடைந்த பாதரச தெர்மாமீட்டர், பேட்டரி, ஊசி ஆகியவை 2016 திடக்கழிவு விதிகளிலேயே 'வீட்டு அபாயக் கழிவு' என்று தனியாகக் குறிக்கப்பட்டவை. இவற்றைத் தனி அட்டைப்பெட்டியில் வைத்து மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்யுங்கள். 'வீட்டு அபாயக் கழிவு, மின்னணுக் கழிவு' என்ற சொற்களையே பயன்படுத்துங்கள். 'குப்பை எடுக்கணும்' என்றால் சாதாரண வண்டிதான் வரும். மின்சாதனங்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கும் நேரடியாகக் கொடுக்கலாம். பெயர்ப்பட்டியல் வாரியத்தின் இணையதளத்தில் உண்டு. அங்கீகாரக் கடிதத்தின் காலாவதித் தேதியைக் கேட்டுப் பாருங்கள்.

ரசாயனக்கூடம் | பதிவு 3

பாதரசத்தைப் பற்றி நான் எழுதுகிறேன், இதில் அளவுதான் எல்லாம்.

ஒரு சிஎஃப்எல்லில் சுமார் 3 முதல் 5 மில்லிகிராம். பழைய தடித்த ட்யூப்லைட்டில் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். தெர்மாமீட்டரில் ஏறக்குறைய அரை கிராமிலிருந்து ஒரு கிராம். பிபி மெஷினிலோ 80, 100 கிராம் வரை. அதாவது உங்கள் வீட்டில் இருக்கும் எல்லா விளக்கும் சேர்ந்தாலும் அந்த ஒரு பெட்டிக்குப் பக்கத்தில்கூட வராது. முதல் கவனம் அதற்கு.

பெட்டியைத் திறந்தால் கண்ணாடிக் குழாயின் அடியில், பாதரசத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு அல்லது நெம்பு இருக்கும். அதுதான் பூட்டு. பெட்டியைத் தொட்டி இருக்கும் பக்கமாக 45 டிகிரி சாய்த்து, குழாயில் நிற்கும் பாதரசம் முழுக்கத் தொட்டிக்குள் இறங்கியதும், சாய்த்த நிலையிலேயே பூட்டைத் திருப்புங்கள். பலர் நேராக வைத்தே பூட்டிவிடுவார்கள். குழாயில் மிச்சம் நிற்கும், வண்டி குலுங்கும்போது குழாயின் மேல்முனையில் உள்ள தோல் அடைப்பு வழியே கசியும். பூட்டிய பிறகு ரப்பர் பல்பை அழுத்தவே கூடாது. பெட்டியை இரண்டு கெட்டிப் பாலித்தீன் பையில் கட்டி, நிமிர்த்தியே வைத்து, மேலே 'பாதரசம், சாய்க்காதே' என்று மார்க்கரில் எழுதுங்கள். தெர்மாமீட்டர்களை அதன் உறையோடு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி மூடி இறுகும் பாட்டிலில் பஞ்சு வைத்துப் போட்டால் போதும்.

ட்யூப்லைட்டுக்கு ஒரு எளிய வழி: நாலடிக்குக் கொஞ்சம் கூடுதல் நீளமான இரண்டு அங்குல பிவிசி குழாய். தடித்த ட்யூப் 38 மில்லிமீட்டர்தான், சுலபமாக நுழையும். ஒரு குழாயில் ஒரு ட்யூப், இரு முனையிலும் மூடி. 11-க்கும் குழாய் வாங்குவது கட்டுப்படியாகாது என்றால் தினத்தாளில் தனித்தனியே சுற்றி, மூன்று மூன்றாகப் புது ட்யூப் வரும் அட்டைப்பெட்டியில் நிறுத்துங்கள். பக்கத்து எலக்ட்ரிகல் கடையில் காலி அட்டை கிடைக்கும்.

சேலையூர்வாசி | பதிவு 4

பதிவு 3-ல் எழுதியவருக்கு: கீழே விழுந்து உடைந்துவிட்டால்? கந்தகம் தூவணும்னு சித்த வைத்தியர்கள் சொல்வாங்களே, சரியா?

ரசாயனக்கூடம் | பதிவு 5

விளக்கு உடைந்தால் ஒரு முறை, பாதரசம் சிந்தினால் வேறு முறை.

விளக்கு என்றால் ஏசி, ஃபேன் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் பத்து நிமிடம் வெளியே இருங்கள். பிறகு கண்ணாடியைக் கெட்டி அட்டையால் ஒதுக்கி எடுத்து மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். பொடியை ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். துடைப்பமோ வாக்குவம் க்ளீனரோ கூடவே கூடாது. அவை பொடியைக் காற்றில் ஏற்றிவிடும், அந்தத் துடைப்பமும் அதற்குப் பிறகு வீடு முழுக்க அதையே பரப்பும்.

தெர்மாமீட்டர் உடைந்தால் முதல் வேலை மோதிரம், வளையல், சங்கிலியைக் கழற்றி வேறு அறையில் வைப்பது. பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். அறை விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத மணிகள் எல்லாம் வெள்ளிப் பொட்டாக மின்னும். மொசைக் தரை இடுக்கிலும் கதவு நிலை அடியிலும்தான் அதிகம் ஒளியும். இரண்டு விசிட்டிங் கார்டை வைத்து மணிகளை ஒன்றோடொன்று தள்ளிச் சேருங்கள், அவை தானே ஒன்றாகிவிடும். ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, கொஞ்சம் தண்ணீர் உள்ள கண்ணாடி பாட்டிலில் விடுங்கள். தண்ணீருக்கு அடியில் இருந்தால் ஆவியாவது குறையும். கடைசித் துணுக்குகளை செல்லோடேப் ஒட்டி எடுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் போடாதீர்கள், அரித்துவிடும். பாதரசம் பட்ட துணியை வாஷிங் மெஷினில் போடக்கூடாது.

கந்தகம் பற்றி: ரசமும் கந்தகமும் சேர்ந்து கறுப்பாகும் என்பது உண்மை, சித்தத்தில் கஜ்ஜளி என்பது அதுதான். ஆனால் தூவிய கந்தகம் மணியின் மேல்தோலில் மட்டும்தான் வினைபுரியும், உள்ளே பாதரசம் அப்படியே இருக்கும். எடுக்க முடியாத இடுக்கில் தூவி, சில மணிநேரம் கழித்து அதையும் ஒற்றி எடுக்கலாம். எடுக்காமல் விடுவதற்கு அது மாற்று ஆகாது.

பிபி மெஷினே உடைந்து சிந்தினால் நீங்களாக இறங்காதீர்கள். கதவை மூடிவிட்டு வெளியே வந்து தீயணைப்புத் துறையின் 101-க்குச் சொல்லுங்கள்.

பேட்டரி_பெரம்பூர் | பதிவு 6

இன்வர்ட்டர் பேட்டரிக்கு வரேன். இதுக்கு மட்டும் உங்க பட்டியல்லயே நல்ல வழி இருக்கு: புது பேட்டரி வாங்குற டீலர்கிட்ட எக்ஸ்சேஞ்ச். புதுசு வாங்கலைன்னாலும் டீலர் பழசை எடை போட்டு எடுத்துக்குவாங்க. 2022 பேட்டரி கழிவு விதிப்படி தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிச்சே ஆகணும். அதனால டீலருக்கும் இது தேவை. பில்லில் பழைய பேட்டரியோட சீரியல் நம்பரை எழுதி வாங்குங்க.

தெருவில வர்ற பழைய இரும்பு வண்டிக்காரர் ஒண்ணு சொல்வார்: "ஆசிட்டைக் கொட்டிட்டு வைங்க, வெறும் எடைக்குத்தான் காசு." இதைச் செய்யவே செய்யாதீங்க. 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியில ஏறக்குறைய 15 லிட்டர் கந்தக அமிலத் தண்ணி இருக்கு, அதில ஈயமும் கரைஞ்சிருக்கு. சாக்கடையில ஊத்தினா அடுத்த நாள் அடைப்பு எடுக்க இறங்குறவர் கால்ல போய் சேரும். கிணறு இருக்கிற பழைய வீடுன்னா இன்னும் மோசம்.

கழற்றுற முறை: முதல்ல இன்வர்ட்டரை சுவிட்ச்ல நிறுத்தி, சுவர் பிளக்கையும் பிடுங்கணும். பிளக் மட்டும் பிடுங்கினா இன்வர்ட்டர் கரண்ட் போயிடுச்சுன்னு நினைச்சு பேட்டரியில ஓடிட்டே இருக்கும். ஸ்பானரோட பிடியை முழுக்க இன்சுலேஷன் டேப் சுத்திக்குங்க, போல்ட் பெரும்பாலும் 13 நம்பர். மைனஸ் கருப்பு வயரை முதல்ல கழட்டி, முனையை டேப்பால மூடி ஒதுக்குங்க. அப்புறம் சிவப்பு. ஸ்பானர் ரெண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தா ஒரு நொடியில செவக்கும், மோதிரம் போட்ட விரல்னா வெந்துடும். டெர்மினல்ல வெள்ளையும் பச்சையுமா பூத்திருக்கிற உப்பை ஊதாதீங்க, ஈயக்கலவை அது. ஆப்பசோடா ரெண்டு ஸ்பூன் ஒரு டம்ளர் தண்ணியில கலந்து பழைய பிரஷ்ஷால தேய்ச்சா நுரைச்சு போயிடும்.

ஆறு மூடியும் இறுக்கமா இருக்கான்னு பாருங்க. மேல தலை நீட்டிக்கிட்டிருக்கிற மிதவைக் குச்சி ஈஸியா ஒடியும், ஒடிஞ்ச ஓட்டை வழியா ஆசிட் வரும், டேப் போடுங்க. எடை 55, 60 கிலோ இருக்கும். ரெண்டு பேர் கைப்பிடியைப் பிடிச்சு நிமிர்த்தியே தூக்கணும், படுக்க வைக்கக் கூடாது. மாடியிலிருந்து இறக்குறப்ப ஒரு படிக்கு ஒரு தடவை நின்னு இறக்குங்க. தரையில சிந்தினா தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி ஆப்பசோடாவைக் கொட்டுங்க, நுரை அடங்குற வரைக்கும். பழைய ரெட் ஆக்சைடு தரைன்னா சட்டுனு அரிச்சிடும். பருத்தித் துணியில ஒரு சொட்டு பட்டா அப்ப ஒண்ணும் தெரியாது, துவைச்சு எடுக்குறப்ப அந்த இடம் ஓட்டையா வரும். கண்ணில பட்டா 15 நிமிஷம் குழாய்த் தண்ணியில கழுவிக்கிட்டே இருக்கணும், அப்புறம் நேரா கண் ஆஸ்பத்திரி.

கூலிங்_கைகள் | பதிவு 7

ஃபிரிட்ஜ் 1994-ன்னா அதுக்குள்ள ஆர்-12-ங்கிற குளிர்விக்கிற காஸ் இருக்கும். பின்னாடி கம்ப்ரசர் பக்கத்தில ஒட்டியிருக்கிற தகட்டில பாருங்க, எழுதியிருக்கும். 100, 150 கிராம்தான். ஆனா ஆர்-12 ஒரு கிராம் கரியமில வாயுவோட ஒப்பிட்டா 10,900 மடங்கு சூடேற்றும், ஓசோனையும் தின்னும். ஒரு ஃபிரிட்ஜ் காத்து ஒரு டன்னுக்கு மேல கரியமில வாயு விட்டதுக்குச் சமம். மாண்ட்ரியல் ஒப்பந்தம் 1987-ல போட்டதே ஓசோனைக் காப்பாத்தத்தான்.

காயலான்கடையில இதுக்கு எடுக்கிற நேரம் பத்து செகண்ட். கட்டிங் பிளேயரால மெல்லிய செம்புக் குழாயை ஒரு வெட்டு, 'புஸ்'ஸுனு ஒரு சத்தம், அவ்வளவுதான். கம்ப்ரசர் எண்ணெயும் தரையில ஒழுகும். இதுக்கு மாற்று, ஃபிரிட்ஜை வெட்டாம முழுசா, அங்கீகாரம் உள்ள மறுசுழற்சி நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. போன்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "காஸை ரெக்கவரி மெஷின்ல சிலிண்டருக்கு இழுப்பீங்களா?" ஆமான்னு தெளிவாச் சொல்றவங்ககிட்ட கொடுங்க.

புது ஃபிரிட்ஜுகள்ல ஆர்-600ஏ இருக்கும், அதாவது ஐசோபியூட்டேன், சமையல் காஸோட குடும்பம். அதைச் சின்ன அறையில வெட்டினா பக்கத்தில கிரைண்டர் பொறியே போதும் தீப்பிடிக்க. சுவத்தில ஏசி இருந்தா அதைப் பிளம்பரோ கொத்தனாரோ கழட்டக் கூடாது. மெக்கானிக் முதல்ல மெல்லிய குழாய் வால்வை மூடி, கூலிங்ல ஓட விட்டு, காஸ் முழுக்க வெளி யூனிட்டுக்குள்ள வந்ததும் தடித்த குழாய் வால்வை மூடி, உடனே கரண்ட்டை நிறுத்தணும். நிறுத்தாம ஓட விட்டுட்டே குழாயைக் கழட்டினா காத்து உள்ளே போய் கம்ப்ரசர் வெடிச்சு உயிரே போயிருக்கு.

இன்னொண்ணு, ஃபிரிட்ஜ் வெளியே வைக்கிறப்ப கதவைக் கழட்டி வைங்க. அப்போ வண்டி வர்றதுக்குள்ள தெருப் பசங்க உள்ளே ஏறி ஒளிஞ்சு விளையாட வழியிருக்காது. காந்தப் பட்டை கதவு வெளிக்காத்தை விடாது, உள்ளேயிருந்து கத்தினாலும் கேக்காது.

ட்ரான்சிஸ்டர்_67 | பதிவு 8

டிவிக்குச் சுருக்கமாக: பின்மூடியைத் திறக்க வேண்டாம். ஓடும்போது பிக்சர் ட்யூப்பின் பக்கவாட்டு ரப்பர் மூடிக்குக் கீழே 25,000 வோல்ட் அளவில் போகும், நிறுத்திய பிறகும் கொஞ்சம் தங்கியிருக்கலாம். ட்யூப்பின் கண்ணாடியில் கிலோ கணக்கில் ஈயம் கலந்திருக்கிறது. உள்ளே வெற்றிடம், பின்பக்கக் கழுத்துதான் பலவீனமான இடம். தூக்கும்போது திரையை நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள், எடை முழுக்க முன்பக்கம்தான். வண்டியில் மெத்தை மேல் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். யார் வாங்கினாலும் முழு டிவியாகவே வாங்கட்டும். மின்னணுக் கழிவு விதிகள் 2022-ல் டிவி, ஃபிரிட்ஜ், பாதரச விளக்கு எல்லாமே பட்டியலில் உள்ளன.

மருந்தாளுநர்_மதுரை | பதிவு 9

பிஸ்கட் டின்னைத் திறந்து மேசையில் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள்: ஊசி, சாதாரண மருந்து, கட்டுப்பாட்டு மருந்து.

முதலில் ஊசி, உடனே ஆள் காயப்படுத்துவது இதுதான். மெல்லிய தண்ணீர் பாட்டிலில் போடாதீர்கள், ஊசி குத்திக்கொண்டு வெளியே வரும். ஃப்ளோர் கிளீனர் அல்லது பிளீச் வரும் கெட்டி பிளாஸ்டிக் பாட்டில் வேண்டும். ஊசிக்கு மூடி போட முயலாமல், நுனி கீழே இருக்கும்படி நேராக உள்ளே விடுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி, டேப் சுற்றி, 'ஊசி, திறக்காதே' என்று இரண்டு பக்கமும் எழுதுங்கள். தூய்மைப் பணியாளர்கள் பையைக் கையால் அழுத்தித்தான் வண்டியில் ஏற்றுகிறார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கக்கூடியது. உங்கள் குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் கேட்டால் அவர்களுடைய மருத்துவக் கழிவோடு சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். அதுதான் சிறந்த வழி.

சாதாரண மாத்திரை, சிரப்: கேரளத்தில் 2025-ல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே காலாவதி மருந்தைச் சேகரிக்கத் தொடங்கியது. அப்படி ஏற்பாடு இல்லாத இடத்தில், முதலில் வீட்டு அபாயக் கழிவோடு கொடுக்கப் பாருங்கள். வழியே இல்லையென்றால் மட்டும்: மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, டிகாக்ஷன் இறக்கிய காபித்தூள் சக்கையோடு பிசைந்து, ஜிப் பையில் போட்டுக் கட்டுங்கள். பொடியாக்க வேண்டாம். நாயோ குழந்தையோ தொடாது, குப்பை பொறுக்குபவர் எடுத்து விற்கவும் முடியாது. காலி அட்டையைக் குறுக்கே வெட்டுங்கள், சிரப் பாட்டிலின் லேபிளைக் கிழியுங்கள். முழு அட்டையும் பாட்டிலும் போலி மருந்துக்காரர்களுக்கு உதவும்.

ஆன்டிபயாட்டிக்கைச் சாக்கடையில் விடுவதுதான் மிகத் தவறு. நுண்ணுயிர்கள் மருந்துக்குப் பழகிப்போக நாமே இடம் கொடுக்கிறோம். ஆஸ்துமா இன்ஹேலரைக் குத்தவோ எரிக்கவோ வேண்டாம், உள்ளே அழுத்தம் உண்டு.

சேலையூர்வாசி | பதிவு 10

ஆனா சில மாத்திரையை டாய்லெட்லயே போடச் சொல்லி அரசு வழிகாட்டுதல் இருக்குன்னு படிச்சேனே மேடம்? சாக்கடை கூடாதுன்னு நீங்க சொல்றதுக்கு எதிரா இருக்கே.

மருந்தாளுநர்_மதுரை | பதிவு 11

எதிராக இல்லை. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் அப்படி 17 மருந்துகளைத் தனியாகப் பட்டியலிட்டது. ஃபென்டனில், டிரமடால், டயசிபாம் போன்றவை. அவற்றில் ஒரு டோஸ்கூட வேறொருவர் கையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து, அதனால் தண்ணீருக்கு ஆகும் கெடுதலை ஏற்றுக்கொண்டு அந்த முடிவு. புற்றுநோய் வலிக்கு ஒட்டிய ஃபென்டனில் பட்டையில், பயன்படுத்திய பிறகும் கணிசமாக மருந்து மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்துத்தான் போட வேண்டும். இந்த 17-ஐத் தவிர வேறு எதையும் ஃப்ளஷ் செய்யக்கூடாது.

சித்த மருந்துப் பொட்டலங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சூரணம், லேகியம் என்றால் ஈரக் குப்பையோடு போகலாம். செந்தூரம், பற்பம் என்று எழுதியிருந்தால் அதில் பாதரசம், ஈயம், ஆர்சனிக் கலந்திருக்க வாய்ப்புண்டு. அவற்றைச் செடிக்குப் போடாமல், பொட்டலத்தோடு தெர்மாமீட்டர் பாட்டிலிலேயே வையுங்கள்.

வயல்_வாய்க்கால் | பதிவு 12

பரணில் இருக்கும் பூச்சிமருந்து டப்பா படம் போட முடியுமா? துரு டப்பாவைத் திறக்க வேண்டாம். அந்தக் காலத்து வீடுகளில் கறையானுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் கமாக்சின் என்ற பிஎச்சி பொடிதான் வைத்திருப்பார்கள். 1997-லேயே தடை செய்யப்பட்டது. திரவமாக இருந்தால் எண்டோசல்பானாகவும் இருக்கலாம், அதை உச்ச நீதிமன்றம் 2011-ல் நிறுத்தியது. இரண்டும் மண்ணில் நீண்ட காலம் தங்கும்.

ரப்பர் கையுறை போட்டு, டப்பாவை அசைக்காமல் அப்படியே ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் இறக்கி, சுற்றிலும் காய்ந்த மணலோ மரத்தூளோ நிரப்புங்கள். அடி பிய்ந்தாலும் மணல் குடித்துக்கொள்ளும். வாளிக்கு மூடி, மேலே பெயர். பெயர் தெரியாவிட்டால் 'பூச்சிமருந்து, பெயர் தெரியாது' என்றாவது எழுதுங்கள், இல்லையென்றால் வாங்கிப்போகிறவர் வாளியைக் கவிழ்த்துவிடுவார். வேறு பாட்டிலுக்கு மாற்றவே கூடாது. குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த பூச்சிமருந்தைத் தண்ணீர் என்று குடித்து இறந்த குழந்தைகள் நம் ஊரில் எத்தனை.

எனாமல் பெயிண்ட்: கட்டியாகாத பெயிண்ட் டின்னில் மரத்தூளைக் கொட்டிக் கிளறி, மூடியைத் திறந்து மொட்டைமாடி நிழலில் நாலைந்து நாள் காயவிடுங்கள். பாறையானதும் டின்னோடு அபாயக் கழிவுக்கு. தின்னர் மூடி இறுகிய டின்னிலேயே போகட்டும், பெயிண்டருக்குக் கொடுத்தால் அவர் பிரஷ் கழுவப் பயன்படுத்திக்கொள்வார், அது இன்னும் மேல்.

தாம்பரம்_தடம் | பதிவு 13

மரச்சட்டம், பழைய கதவு, சைக்கிள் டயர், ஒயர் எல்லாம் மிச்சம் இருக்குமே. தை பிறக்கறதுக்கு முந்தின நாள் போகிதானே, அன்னிக்கு எரிச்சிடலாமே?

கழிவுநீக்கம்_32 | பதிவு 14

வேண்டாம் சார். போகிக்கு விறகும் வறட்டியும் எரிக்கலாம், இவை வேறு. பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எனாமல் அடித்த கதவை எரித்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் வரும், அந்தச் சாம்பலை அள்ளிச் செடிக்குப் போடுவார்கள். ஒயரின் பிவிசி உறை எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் டயாக்சின் என்ற நச்சும். டயரில் கந்தகம். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போனது நினைவிருக்கும். அந்தப் புகையில்தான் ஆஸ்துமாக் குழந்தைகளும் தூங்குகிறார்கள்.

தேக்குக் கதவு, நிலை, பர்மா தேக்கு உத்தரம் எதையும் குப்பையாக நினைக்காதீர்கள். பழைய மரம் வாங்குகிறவர்கள் வீட்டுக்கே வந்து கழற்றி எடுத்துப்போவார்கள், நல்ல விலையும் உண்டு. ஒயரை உரிக்காமல் அப்படியே செம்பு வாங்குகிறவரிடம் கொடுங்கள். எரித்து எடுத்த செம்புக்கு விலையும் குறைவு, கறுத்துப் போயிருக்கும்.

ட்ரான்சிஸ்டர்_67 | பதிவு 15

யாரும் உப்பிய பவர் பேங்கைத் தொடவில்லை. உங்கள் பட்டியலில் இன்று ராத்திரியே கவனிக்க வேண்டியது அது.

சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். அழுத்தி மூடவோ, ஊசியால் குத்திக் காற்றை விடவோ கூடாது. உள்ளே இரண்டு தகடுகளைப் பிரித்து வைத்திருப்பது தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் தாள், அது கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகி நொடியில் தீ. ஒரு இரும்பு வாளியில் காய்ந்த மணல் போட்டு, பவர் பேங்கின் துளைகளுக்கு டேப் ஒட்டி, மணலில் புதைத்து, திரைச்சீலை, மரம் எதுவும் இல்லாத பால்கனி மூலையில் வையுங்கள். வெயில் படக் கூடாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சார்ஜ் இறங்கும் என்று வீடியோக்களில் சொல்வதை நம்பாதீர்கள். முனைகள் அரித்து, உள்ளே பாதி சார்ஜ் அப்படியே நிற்கும். புகைய ஆரம்பித்தால் அறையை விட்டு வெளியேறி, தூரத்திலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். குளிர்விப்பதுதான் வழி.

சாதாரணக் குப்பையில் போட்டால் குப்பை வண்டியின் அழுத்தும் தகடு அதை நசுக்கும். மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் 'உப்பிய லித்தியம்' என்று சொல்லித் தனியாகக் கையில் கொடுங்கள். பட்டன் செல் கிடைத்தால் ஒவ்வொன்றையும் இரு பக்கமும் டேப் ஒட்டுங்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

பழைய போன் கொடுப்பதற்கு முன் கூகுள் கணக்கை அமைப்பில் போய் நீக்கிவிட்டு, அதற்குப் பிறகு ஃபேக்டரி ரீசெட். வரிசை மாறினால் அடுத்தவர் திறக்க முடியாத கல்லாகிவிடும், பிரித்து உதிரியாகத்தான் போகும்.

கழிவுநீக்கம்_32 | பதிவு 16

ஆஸ்பெஸ்டாஸ் கூரை பாக்கி. இடிக்கிற ஜேசிபி வருவதற்கு முன் அது முழுசாக இறங்கியிருக்க வேண்டும், ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இயந்திரம் ஒரு தட்டு தட்டினால் தெரு முழுக்க நார்த்தூள்தான். பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு கலந்த தண்ணீரைத் தெளித்து ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகளை நனைத்துக்கொண்டே, அவற்றைப் பிடித்திருக்கும் ஜே-போல்ட்டைக் கழற்ற வேண்டும். துரு ஏறியிருந்தால் போல்ட்டை கட்டரால் வெட்டுங்கள், ஓட்டின் மீது கிரைண்டர் படவே கூடாது. ஓட்டின் மீது ஏறி நிற்காமல் பலகை போட்டு நிற்கச் சொல்லுங்கள். பழைய ஓடு திடீரென உடைந்து ஆள் கீழே விழுவதும் நடக்கிறது. முழு ஓடாகக் கயிற்றில் இறக்கி, கெட்டிப் பாலித்தீனில் சுற்றி ஒட்டுங்கள். வேலை செய்கிறவருக்கு பி-100 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். துணி கட்டினால் அந்த நார் நிற்காது.

சமையல் காஸ் சிலிண்டர் மிச்சமிருந்தால், சப்ஸ்கிரிப்ஷன் வவுச்சரோடு ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் திரும்பும். ரெகுலேட்டரையும் கொண்டுபோங்கள்.

மாம்பலம்_மாடி | பதிவு 17

எல்லோருக்கும் நன்றி. பவர் பேங்க் மணல் வாளிக்குப் போய்விட்டது. பிபி மெஷினைச் சொன்ன மாதிரி சாய்த்துப் பூட்டியாயிற்று. ஒரே ஒரு சந்தேகம். மூடும் முன் தொட்டி ஓரத்தில் ஒரு துளி ஒட்டியிருந்தது, அது தங்க மோதிரத்தில் பட்டு, பட்ட இடம் வெள்ளியாகிவிட்டது. தேய்த்தால் போகவில்லை. அடுப்பில் காட்டினால் போய்விடும் என்கிறார்கள்.

ரசாயனக்கூடம் | பதிவு 18

அடுப்பில் காட்டவே காட்டாதீர்கள். வெள்ளை போகும், ஆனால் போகிற பாதரசம் முழுக்க ஆவியாகிச் சமையலறையில் நிற்கும். மணமே இருக்காது, அடுப்புக்கு எதிரில் நிற்பவர்தான் இழுப்பார்.

மோதிரத்தைப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, மோதிரத்தை மூடி இறுகும் சின்னக் கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். பொற்கொல்லரிடம் கொடுக்கும்போது 'பாதரசம் பட்டது' என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் வழக்கம்போல ஊதுகுழலில் சூடு காட்டுவார். புகை உறிஞ்சும் ஏற்பாடு உள்ள நகைப் பட்டறையில்தான் இதைச் செய்ய முடியும். அடகுக் கடையில் வைப்பதாக இருந்தால் அங்கேயும் சொல்லுங்கள், மற்ற நகையோடு ஒரே பையில் போட்டால் அவற்றுக்கும் ஒட்டும்.